மூன்றாம் தரத்துக்கு முன்

சங்குமுனை மீன் ஏலக்கூடத்துக்குள் நுழைய ஒரே வாசல்தான். அந்த வாசலில் ஒளிச்சட்டம் நின்றது. பார்ப்பதற்குக் கதவில்லாத வெறும் நிலை போல இருக்கும். அதற்குள் ஒரு மூச்சு நேரம் நின்றால் போதும், உடம்புக்குள் ஓடும் மின்மினிகள் விழித்துக்கொள்ளும். பக்கத்துத் திரையில், நிற்பவரின் உருவம் பச்சைப் புள்ளிகளால் வரைந்தது போல எழும். தலை முதல் கால் வரை பச்சை என்றால் உள்ளே போகலாம்.

நோய்காண் நோய்தீர் நுண்துகள் என்பது கடலோர நலவாரியம் வைத்த பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அலை வந்து போய்விடும் என்று சங்குமுனையில் மின்மினி என்றே சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையில் ஓர் ஊசி. துகள்கள் ரத்தத்தோடு ஓடி உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும். பழுதைக் கண்டால் அங்கேயே தங்கி, உள்ளே பொதிந்து வைத்திருக்கும் மருந்தை அவிழ்த்துவிடும். தேவைப்பட்டால் சூடேறித் தீய்த்துவிடும். ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள் என்று பெரியாஸ்பத்திரிக்கு அலைந்த காலம் போய்விட்டது. வேலை முடிந்த இடம் மட்டும் சில நாள் சட்டத்தில் நீலமாகத் தெரியும்; உள்ளே போக அது தடையில்லை.

நீலம் தெரிந்தவர் அன்று கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இது வாரியம் போட்ட விதி இல்லை. சங்குமுனைக்காரர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. என்ன நோய் போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு ஆள் கிடையாது. வந்தது போய்விட்டது, டீயைக் குடி.

மழை விட்ட ஒரு காலையில் தெக்லாவின் தொண்டையில் நீலம் தெரிந்தது.

“யக்கா, தொண்டையில நீலம்லா மின்னுது,” என்றான் வாசல்காரன் ரொமால்ட். “இன்னைக்கு டீ ஒங்க பாடு.”

“தொண்டைதானல. நாக்குல நீலம் வந்தாத்தான் ஒனக்கு நல்ல காலம்.”

கூடமே சிரித்தது. தெக்லா டீயோடு பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுத்தாள். பிற்பாடு அந்த டீயை நினைக்கும் போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதற்குத் தானே விருந்து வைத்திருக்கிறாள்.

தெக்லா ஏலம் கூறுகிறவள். அவள் குரலை அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஈர மணலில் வள்ளத்தை இழுப்பது போன்ற குரல். ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சலையும், டீசல் வண்டிகளையும், பறவைக் கூச்சலையும் அது அறுத்துக்கொண்டு போகும். சீலாவும் விளமீனும் கூறு கூறாகத் தரையில் கிடக்க, கம்பெனி ஏஜென்டுகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எங்கோ இருக்கும் முதலாளிகளோடு பேசியபடி விலை கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கூடையும் கையுமாகப் பெண்கள் நிற்பார்கள். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்றுவிட்டுத் தெக்லா நிறுத்துவாள். அவசரமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசி வரிசைக் கூடைக்காரியின் முகம் வரை போய்த் திரும்பிய பிறகுதான் மூன்றாம் தரம் விழும். அந்த இடைவெளியில்தான் கூடைக்காரிகள் மனதுக்குள் கணக்குப் போட்டு வாய் திறப்பார்கள். ஏஜென்டுகளுக்கு அது பிடிக்காது. “அக்கா தூங்கிட்டியா?” என்று கிண்டல் செய்வார்கள். தெக்லா அசைந்து கொடுத்ததே இல்லை. கேட்க வாய்ப்புக் கொடுக்காமல் முடித்தால் அதற்குப் பெயர் ஏலமில்லை என்பது அவள் கட்சி.

நீலம் தெரிந்த நாளில் குரல் இரண்டு இடத்தில் வழுக்கியது. சளி என்று நினைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் கரகரப்பு ஒவ்வொரு இழையாக உதிர்ந்தது. வாரம் திரும்புவதற்குள் அவள் தொண்டையில் வேறு ஒருத்தி குடியேறியிருந்தாள். மெல்லிய, வழவழப்பான, கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து வரவேற்கிற பெண்ணுடைய குரல்.

அந்தக் குரலில் “ரெண்டு தரம்” என்றால் யாரும் திரும்பவில்லை. ஏஜென்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் உண்மையாகவே, “நீ யாரும்மா, தெக்லாக்கா வரலியா?” என்று கேட்டான். ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். சத்தம் கூடியதே தவிர அதிகாரம் கூடவில்லை. ஒரே கூறு ஊளி மீனை இரண்டு பேர் எடுத்துவிட்டதாகச் சண்டை வந்த அன்று, சங்கத் தலைவர் மெல்கியூர் அவளைத் தனியே கூப்பிட்டார். தொலைவிலிருந்து கேட்கும் முதலாளிகளுக்காக ஏலங்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, அதிலிருந்து அவள் பழைய குரலை எந்திரத்துக்குப் பழக்கிவிடலாம், அவள் பக்கத்தில் நின்றால் போதும், சம்பளத்தில் குறை வராது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மறுநாள் ஒலிபெருக்கியிலிருந்து தெக்லா ஏலம் கூறினாள். தெக்லா கீழே நின்று கேட்டாள். அதே மணல், அதே வள்ளம். ஆனால் எந்திரம் “ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்” என்று ஒரே மூச்சில் முடித்தது. மூச்சு வாங்க அதற்குத் தேவையில்லை. யார் முகத்தையும் பார்க்கவும் அதற்குத் தெரியாது. கூடைக்காரிகளின் வரிசையில் நின்ற பிரகாசி கையைத் தூக்கினாள். அதற்குள் கூறு போய்விட்டது. பிரகாசி தெக்லாவின் மைனி, புருஷனுக்கு அக்கா. தூக்கிய கையை இறக்காமல் அவள் தெக்லாவைப் பார்த்தாள். நீயா இப்படி என்கிற பார்வை.

தெக்லாவுக்குத் தன் வாயாலேயே யாரையோ அடித்துவிட்டது போல இருந்தது.

அந்த வார இறுதியில் கடலிலிருந்து திரும்பிய அவள் புருஷன் கசிமீருக்கு இதெல்லாம் துன்பமாகப் படவில்லை. கட்டுமஸ்தான ஆள், ஆனால் கையோங்காதவன், குடிக்காதவன். அவள் சோறு பரிமாறிக்கொண்டே நடந்ததைச் சொல்ல, அவன் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

“கெட்டுன நாள்லருந்து இன்னைக்குத்தான் பொண்டாட்டி பேசுத மாதிரி இருக்கு,” என்றான்.

அவன் அதைக் கொஞ்சலாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். இத்தனை வருடம் இந்த வீட்டில் பேசியது யார்? காற்று திரும்புகிறது என்று வயர்லெஸில் அவள் சொன்னதை நம்பி அவன் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தானே, அது யார் குரல்? அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜெபமாலை நேரத்தில் உதட்டை மட்டும் அசைத்தாள். மாதாவுக்கு முன்னால் அந்தக் குரலைக் கொண்டுபோய் வைக்கக் கூச்சமாக இருந்தது, இரவல் சேலையில் கோவிலுக்குப் போவது போல. உள்ளுக்குள் பேசும்போது மட்டும் பழைய குரல் கேட்டது. மனதுக்குள் அவள் இன்னும் கரகரத்தாள். வாயைத் திறந்தால்தான் அவள் இல்லாமல் போனாள். அதனால் வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். குரல் மென்மையானதோடு குணமும் மென்மையாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பாராட்டினார்கள். அப்போது அவளுக்கு வந்த கோபத்தை வெளியே விடக்கூட அந்தத் தொண்டை உதவவில்லை.

நலமையத்து டாக்டர் நிருபன் இளைஞர், பொறுமைசாலி. அவளை உட்கார வைத்து, தொண்டையின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். முந்தைய படத்தில் இரண்டு குரல்நாண்களிலும் கேழ்வரகு போல ஒரு மணி. பிந்தைய படத்தில் இரண்டும் பளிங்கு.

“நல்ல சேதிதான்மா. வருஷக்கணக்கா கத்தினதுல வந்த காய்ப்பு அது. துடுப்புப் பிடிக்கிற கையில வருமில்லையா, அந்த மாதிரி.”

“அப்ப அது நோய் இல்லியே சார்.”

“நோய்னு சொல்ல முடியாது. அளவுக்கு மீறின வளர்ச்சி.”

“யாரு அளவு?”

பெண்களின் குரல்நாணுக்கென்று ஒரு சராசரி உண்டு, அதை வைத்துத்தான் துகள்கள் பார்க்கின்றன என்று அவர் விளக்கினார். அந்தக் காய்ப்பு ஆளைக் கொல்லுமா என்று அவள் கேட்டதற்கு, கொல்லாது என்றார். பின்னால் கெட்டதாக மாறுமா என்றதற்கு, அதற்கும் வாய்ப்பில்லை என்று நேர்மையாகவே சொன்னார். திரும்ப வளர்த்துத் தர முடியுமா என்று கேட்டபோது சிரித்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“இதப் பாத்துட்டு, எடுத்துரலாம்னு சொன்னது யாரு? அவரு பேரச் சொல்லுங்க. நான் போயி ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

“அப்படி யாரும் இல்லம்மா. முன்னாடிதான் பார்க்க ஒருத்தர், தீர்மானிக்க ஒருத்தர், கொடுக்க ஒருத்தர். இதுல பார்க்கிறதும் தீர்க்கிறதும் ஒரே துகள். நடுவுல ஆளே கிடையாது. இதோட பெருமையே அதுதான்.”

அப்போது அவர் மணிக்கட்டில் இருந்த பட்டை அதிர்ந்தது. அவர் பேச்சை நிறுத்தாமலேயே அதைத் திருப்பிப் பார்த்து, விரலால் ஒருமுறை தொட்டார். தெக்லா ஏலம் கூறுகிறவள். கூட்டத்தில் யார் கண் எங்கே போகிறது, எந்த விரல் அசைகிறது என்று பார்த்தே பழகியவள். பட்டையில் இரண்டு வார்த்தைகள் மின்னின. சரி, பிறகு. அவர் தொட்டது இரண்டாவதை.

“அது என்னது?”

“ஒண்ணுமில்ல. எனக்கு முழங்கால்ல சின்ன வீக்கம். சரி பண்ணட்டுமான்னு கேட்குது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலும்.

“ஒங்கள்ட்ட கேக்குமா?”

அவர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். துகள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். அதை இரண்டு விதமாக வைக்கலாம், நேர்முறை, கேள்முறை. நேர்முறையில் துகள் பார்த்ததைத் தானே தீர்த்துவிடும். கேள்முறையில் பார்த்ததைச் சொல்லிவிட்டு விடைக்குக் காத்திருக்கும். அது படித்து விளங்கிக்கொள்ளக் கூடியவர்களுக்கு, வாரியத்தில் இருப்பவர்களுக்கு, நகரத்தில் விரும்பிக் கேட்பவர்களுக்கு. கடலோரத்துக்கு நேர்முறை என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. அது அவர் எடுத்த முடிவு அல்ல.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கேட்டா நீங்க எல்லாரும் பயப்படுவீங்க. பிறகு பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுவீங்க.”

“இப்ப நீங்க தள்ளிப் போட்டீங்களே சார்,” என்றாள் தெக்லா.

அந்த மெல்லிய குரலில் அது மரியாதையாகக் கேட்டது. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

பிரகாசி மைனி கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். தெக்லா எல்லாவற்றையும் சொன்னாள். மைனி தன்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் மைனி கொதிக்கவில்லை. அவளுக்கும் முன்பு ஒருமுறை நீலம் தெரிந்தது, வலது மார்பில். அவளும் டீ வாங்கிக் கொடுத்தாள். அது புற்று என்று பல மாதம் கழித்து ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

“எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன் தெக்லா. மார்புன்னு சொன்னதும் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள கெடந்து செத்திருப்பேன். ஒனக்குக் குரல் போச்சு. எனக்கு உசுரு கெடச்சுது. நான் எந்த வாயால ஏச?”

வீட்டுக்கு நடந்து வரும்போது தெக்லா தன்னையே கேட்டுக்கொண்டாள். நன்றிகெட்டவளா நான்? ஊரில் மார்புப் புற்றில் ஒரு பெண் செத்துப் பல வருடமாகிறது. குழந்தைகள் காய்ச்சலில் துடிப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒருத்தியின் கரகரப்பு என்ன பெரிய நஷ்டம்? அவள் மனது கொஞ்ச தூரம் அந்தப் பக்கமே சாய்ந்து நடந்தது. அப்புறம் கடற்கரைச் சாலையில் நின்றுவிட்டது.

வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்பது மைனிக்கே இப்போதுதான் தோன்றுகிறது. ஆனால் அதை அவளுக்கு முன்னாலேயே வாரியத்தில் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் கரையில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று தாங்களே சொல்லிக்கொண்டு, தாங்களே மறுத்து, தாங்களே மூன்றாம் தரத்தையும் போட்டு முடித்திருக்கிறார்கள். மைனிக்கு உயிர் கொடுத்ததும் தன் குரலை எடுத்ததும் ஒரே கை. இரண்டுக்கும் அது முகத்தைப் பார்க்கவில்லை. மைனி விஷயத்தில் அது நல்லதாகிப் போனது, அவ்வளவுதான். அவளை உட்கார வைத்து, வெட்கத்தைப் போக்கி, புரியும்படி ஒரு பெண்ணை விட்டுச் சொல்லியிருந்தால் சரி என்றிருக்க மாட்டாளா? அதற்கு ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த ஒரு நாளைக்கூட இந்த ஊருக்கு ஒதுக்க அவர்களுக்கு மனமில்லை. முழங்கால் வீக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

அவள் மைனியிடம் திரும்பிப் போய் இதைச் சொன்னாள். “பட்டையில அது கேக்கும்போது அவரு முகம் எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் மைனி கேட்டாள்.

தெக்லா யோசித்தாள். “ஈ ஓட்டுத மாதிரி இருந்துச்சு மைனி.”

மைனியின் கை உப்பில் நின்றது.

புது ஊசி போடும் நாள் வந்தது. வழக்கம்போல ஏலம் முடிந்ததும் கூடத்தையே கழுவிவிட்டு மேசை போட்டார்கள். ஊர் முழுக்க வரிசையில் நின்றது. ஊசி போடாதவருக்குச் சட்டத்தில் உருவம் எழாது. உருவம் எழாதவர் கூடத்துக்குள் வர முடியாது, படகேறவும் முடியாது. அதனால் யாரும் தவறுவதில்லை. டாக்டர் நிருபன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெக்லாவைக் கண்டதும் பார்வையைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தெக்லாவின் முறை வந்தது. அவள் சட்டைக் கையை ஏற்றாமல் நின்றாள்.

“எனக்குக் கேள்முறையில வச்சுப் போடும்மா.”

நர்ஸ் திகைத்து டாக்டரைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து, அதற்குத் தனி அனுமதி வேண்டும், இங்கே முடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். மருந்து வேறா என்று தெக்லா கேட்டாள். மருந்து ஒன்றுதான். அப்படியானால் என்ன வேண்டும்? அவருடைய கருவியில் ஒரு மாற்றம். ஒரு தொடுகை. அதை ஏன் செய்ய முடியாது என்பதற்கு அவர் சொன்னதெல்லாம் வாரியத்தின் வாசகங்கள். பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. என்ன தாமதம் என்று முணுமுணுத்தார்கள். ஊசிக்குப் பயந்துட்டா போல என்று ஒருவன் சிரித்தான். தெக்லா திரும்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் குரல் மூன்றாவது ஆளைத் தாண்டவில்லை. பழைய தொண்டையாக இருந்திருந்தால் கலங்கரை விளக்கம் வரை கேட்டிருக்கும்.

அவளுக்கு அடுத்து நின்றது பிரகாசி மைனி. மைனி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு வரிசையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கருவாட்டுக்காரியின் குரல், தெருத்தெருவாகக் கூவி உரமேறியது.

“ஏ, எல்லாரும் கேளுங்க. இந்த மின்மினி ஒடம்புல எதையும் தொடுததுக்கு முன்னால நம்மட்ட கேக்குமாம். அப்படி வைக்க முடியுமாம். டாக்டர்ட்ட கையில உள்ள பட்டையில கேக்குதாம். நம்மட்ட மட்டும் கேக்காதாம்.”

வார்த்தை வரிசையில் இறங்கியது. ஒருத்தி சொல்லி ஒருத்தி கேட்டு, ஆண்கள் பக்கம் தாவி, ஐஸ் எந்திரத்தைத் தாண்டி, வாசலில் ரொமால்டின் காது வரை போயிற்று. கசிமீர் வரிசையின் நடுவில் நின்றிருந்தான். பக்கத்தில் நின்றவன் அவனிடம் திரும்பி, ஒன் பொண்டாட்டி குரலத் தட்டிப் பறிச்சதும் இதுதானாமே என்று கேட்டான். கசிமீரின் முகம் சிவந்ததை முதன்முறையாக ஊர் பார்த்தது.

“நீங்க இதனாலதான் உயிரோட இருக்கீங்க,” என்றார் டாக்டர் மைனியிடம்.

“ஆமா சார். நல்லா இருப்பீங்க.” மைனி கைகளைக் கட்டிக்கொண்டாள். “எனக்கும் போடுங்க. கேட்டுட்டுப் போடுங்க.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தது.

கழுவிவிட்ட சிமென்ட் தரை, தகரக் கூரை. சின்ன அதிர்வுதான், ஆனால் கூடம் அத்தனை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். பட்டை விடவில்லை. சற்று நிறுத்தி மறுபடி அதிர்ந்தது. அவசரப்படுத்தவில்லை, அவருக்குப் பதிலாக எதையும் முடிவு செய்துகொள்ளவில்லை. நல்ல வேலைக்காரியைப் போலக் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தது.

தெக்லா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, கடைசி முகம் வரை.

“ஒரு தரம்,” என்றாள்.

அந்த மெல்லிய குரல் அந்தக் கூடத்தில் முதன்முதலாக ஆள் இருக்கும் குரலாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பட்டை மறுபடி அதிர்ந்தது.

“ரெண்டு தரம்.”

அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். ஊரே கையைக் கட்டிக்கொண்டு டாக்டரின் விரலைப் பார்த்தது. பட்டை தட்டியது, நிறுத்தியது, மறுபடி தட்டியது. அவர் சரி என்பாரா, பிறகு என்பாரா என்று அறிந்துகொள்ள, அது அவருக்காகப் பொறுமையோடு காத்திருந்தது.